கப்பல் பெரட்டு

ஐயாவு மண்டோரின் பெரட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தலை குறைந்ததில்லை. ஆத்துமேட்டு ரப்பர்த் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஏன் குறையவில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது.

விடியுமுன் ஐந்தரைக்கு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு எதிரே உள்ள களத்தில் எல்லாரும் வரிசை கட்டி நிற்பார்கள். அதுதான் பெரட்டு. வேலை வாங்கும் மேஸ்திரிக்கு மண்டோர் என்று பேர். ஐயாவு டார்ச் லைட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செக்ரோல் என்கிற பேரேட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வந்தால் பேருக்கு நேரே ஒரு கோடு. வராவிட்டால் ஒரு வட்டம். மாதத்தில் மூன்று வட்டம் விழுந்தால் கைக்குப் பழகிய மர நிரை பறிபோகும். பால் வற்றிய மேட்டு மரங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். அதனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, புருஷன் அடித்த அடியில் எழுந்திருக்க முடியவில்லை என்றாலோ, பக்கத்து வீட்டுக்காரி தன் பேருக்கு ஒரு குரலும் அவள் பேருக்கு இன்னொரு குரலும் கொடுப்பாள். ஐயாவுக்கு இது தெரியாதா? தெரியும். இருட்டில் குரல்தான் ஆள். எப்படியும் அந்த ஆள் விழுந்தடித்துக்கொண்டு மரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஐந்தரைக்குச் சொன்ன பொய் எட்டு மணிக்குள் உண்மையாகிவிடும். அதில் யாருக்கும் கெடுதலில்லை.

நல்லம்மாள் இதில் கைதேர்ந்தவள். வயது நாற்பதுதான், வாய் நாலு லயத்துக்குப் போதும். பக்கத்து வீட்டுக் கங்காவின் கீச்சுக் குரல் அவளுக்கு அத்துப்படி. கங்கா கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து நாலு வருஷமாகிறது. அவள் பேருக்கு அவளே பதில் சொன்னதைவிட நல்லம்மாள் சொன்னதுதான் அதிகம் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். கங்காவுக்கு உடம்பு பூஞ்சை, மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை, எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று நல்லம்மாளின் முந்தானைக்குள் வந்து நிற்கிற சுபாவம். நல்லம்மாளுக்குப் பிள்ளையில்லை. அவள் கங்காவைத் திட்டாத நாளில்லை, அவளை விட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிட்ட நாளுமில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலம். பால் இறங்காது, வேலையும் பாதிதான். அந்தச் சமயம் பார்த்துக் கோலசிலாங்கூர் ஆற்று முகத்தில், சேற்றுத் திட்டுக்கு அப்பால், ஒரு கிழட்டுக் கப்பலை இழுத்து வந்து நிறுத்தினார்கள். இங்கிலாந்துச் சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். முன்னே அது மாடு ஏற்றிய கப்பலாம். துருவுக்கு மேல் வெள்ளைச் சாயம் பூசிப் புதுப் பேர் எழுதியும் சாணி வாடை போகவில்லை.

கப்பலில் பயணிகளாக உட்கார நாற்பத்தெட்டுப் பேர் வேண்டும் என்றார்கள். மானேஜர் ஐயாவுவைக் கைகாட்டினார். ஐயாவு தன் செக்ரோலிலிருந்தே நாற்பத்தெட்டுப் பேரைத் தாளில் எழுதிக்கொண்டார். அன்று முதல் எட்டு நாளும் காலையில் லோரி ஏறி, அசாம் ஜாவா கிராமத்து வழியாகப் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து மோட்டார் படகில் கப்பலுக்குப் போனார்கள். படத்தில் வெறுங்காலோடு இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆகையால் செருப்புகளையெல்லாம் துறையிலேயே, புளியமரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் படகு ஏறுவது.

படத்தின் கதையை உமாபதி சொன்னான். அவன் ரவாங் டவுனில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்ப்பவன். இங்கிலீஷ் பேசத் தெரியும் என்று சினிமாக்காரர்கள் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

"கப்பல்ல ஒருத்தன் பாம் வச்சிட்டான். யாரு, எங்க வச்சான், தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற ஹீரோ யாரு தெரியுமா? கப்பல் சமையக்காரன். அவனுக்குப் பாதிக் கண்ணு தெரியாது. எங்க போனாலும் கக்கத்துல ஒரு சேவல் வச்சிருப்பான்."

"கடைசியில வெடிக்குமா, வெடிக்காதா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"வெடிக்கும். கப்பல் முழுகிடும்."

"அப்புறம் என்ன மயித்துக்கு அந்தச் சமையக்காரனும் சேவலும்?"

"அதுதான் அக்கா ஆர்ட் லா" என்று உமாபதி சிரித்தான்.

டைரக்டரும் அந்தக் கதைக்கு ஏற்ற ஆள்தான். கோலசிலாங்கூர் வெயிலில் தலையில் கம்பளித் தொப்பி. அதனால் அவருக்குத் தொப்பித் துரை என்று பேர் விழுந்தது. ஒரு நாள் எல்லாரையும் கப்பல் தளத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் பயப்படச் சொன்னார். "சத்தம் போடாம எப்படிய்யா பயப்படுறது?" என்று செல்லன் கேட்டதற்கு, மானேஜர் வருவதை நினைத்துக்கொள் என்று ஐயாவு சொன்னார். அந்தக் காட்சி ஒரே தடவையில் சரியாக வந்தது.

செல்லனுக்கு ஐம்பது வயது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். கால் அகலத்துக்குச் செருப்பு கிடைக்காமல் லோரி டயரை வெட்டித் தானே செய்துகொண்ட செருப்போடு திரிவார். சாயங்காலமானால் கள்ளுக்கடை, அதற்குத் துணை ரெங்கசாமி. காலையில் எழ முடியாத நாட்களில் அவர் பேருக்குப் பதில் சொல்வது தங்கச்சி புருஷன் சேதுவின் பொறுப்பு. சினிமாவில் செல்லனுக்கு ஒரு சிவப்புத் தலைப்பா கட்டிவிட்டிருந்தார்கள். அதைக் கட்டியதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

"தெரியுமா நல்லம்மா, கேப்டன் ரூம்புல தொப்பித் துரை ஒரு போத்தல் வச்சிருக்காரு. மத்ததெல்லாம் சாயத்தண்ணி லா. அது மட்டும் அசல் பிராந்தி" என்று ஏழாம் நாள் அவர் ரகசியமாகச் சொன்னார்.

"மோந்து பாத்தீங்களாக்கும்."

"மோந்து பாத்ததோட விடுவனா?"

நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாம் நாள்தான் கடைசி நாள். பௌர்ணமி. கடல் நன்றாக ஏறும். சாயங்காலம் ஐந்தரைக்கு நீர் முழுதாக நிற்கும்போது கப்பலை வெடி வைத்து மூழ்கடிப்பார்கள். அதற்கென்றே சிவந்த முகத்தோடு ஒரு வெடிக்காரன் வந்திருந்தான். சிரிக்கவே தெரியாதவன். அவன்தான் அங்கே ஒழுங்காகப் பயந்த ஒரே ஆள்.

காலையில் கப்பலேறிப் பார்த்தால், தளம் முழுக்கப் பொம்மைகள். சாக்குக்குள் தேங்காய் நாரைத் திணித்து, முகம் வரைந்து, ஒவ்வொருவர் உடுப்பைப் போலவே இன்னொரு உடுப்பு மாட்டி, உட்கார வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மஞ்சள் சேலையில் கங்கா. பச்சைச் சேலையில் நல்லம்மாள். பின் தளத்தில் சிவப்புத் தலைப்பாவோடு செல்லன். கப்பல் முழுகும்போது ஆட்கள் இருப்பதாகத் தெரிய வேண்டுமாம்.

"உசிரோட இருக்கிறவங்களுக்கு எவனாச்சும் பொம்மை செய்வானா?" என்று நல்லம்மாள் உமாபதியிடம் சண்டைக்குப் போனாள். "பொணம் கிடைக்காதவனுக்குத்தான்டா பொம்மை செஞ்சி கொளுத்துவாங்க. போயி அந்தத் தொப்பிகிட்ட சொல்லு."

உமாபதி போய்ச் சொன்னான். தொப்பித் துரை மிகவும் சந்தோஷப்பட்டு அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

அன்று அலை பெரிதாக இருந்தது. மதியத்துக்குள் கங்கா மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டாள். சினிமாக்காரர்களின் நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். ஒன்று போட்டால் போதும் என்றாள். கங்கா இரண்டு போட்டாள்.

"அக்கா, நான் மொதப் போட்டுலயே எறங்கிப் போயிடுறேன். முடியல. கரையில எங்கயாச்சும் சாஞ்சிக்கிறேன். பேர் கூப்புட்டா சொல்லிடு."

"நான் சொல்லாம யாரு சொல்லப் போறா? போ, போயித் தொலை" என்றாள் நல்லம்மாள்.

மூன்றரை மணிக்குக் கடைசிக் காட்சி முடிந்து படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கின. வெடிக்காரனின் ஆட்கள் கீழே போய் அடித்தட்டில் இரண்டு வால்வைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தால்தான் வெடித்ததும் கப்பல் அழகாகச் சாயுமாம். மேலே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர்களும் இறங்கினார்கள். பொம்மைகளுக்கு நடுவே எத்தனையென்று பார்ப்பது? அவர்கள் நம்பியது ஐயாவுவின் தாளைத்தான்.

படகுத்துறையில் வரிசையாக நிற்க வைத்து ஐயாவு பெரட்டு எடுத்தார். வெடிக்காரன் பக்கத்திலேயே நின்றான். இங்கே இருட்டில்லை, பட்டப்பகல். ஆனாலும் ஐயாவு தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தலையைத் தூக்காமலே பேர் கூப்பிட்டவர் அவர். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்கள்.

"கங்கா."

"இருக்கேன்" என்றாள் நல்லம்மாள், கீச்சுக் குரலில். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"செல்லன்."

"இருக்கேன்." அது சேதுவின் குரல்.

"ரெங்கசாமி."

அதற்கும் ஒரு குரல் வந்தது. கடைசியில் ஐயாவு பேனாவை மூடினார். "நாப்பத்தெட்டு. சரி." வெடிக்காரன் தாளை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, அதில் கையெழுத்துப் போட்டான்.

தகரக் கொட்டகையில் மைலோவும் ரொட்டியும் கொடுத்தார்கள். நல்லம்மாள் கங்காவின் பங்கையும் வாங்கிக்கொண்டாள். அவள் எந்த மரத்தடியில் சுருண்டு கிடக்கிறாளோ என்று தேடிக்கொண்டே செருப்பு மாட்டப் போனாள். புளியமரத்தடியில் மூன்று ஜோடிகள்தான் மிச்சம் கிடந்தன. ஒன்று அவளுடையது. ஒன்று அகலமான டயர் செருப்பு. இன்னொன்று நீல வாரில் ஊக்கு குத்திய செருப்பு. அந்த ஊக்கு நல்லம்மாள் தன் தாலியிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

மைலோ கையிலிருந்து நழுவிக் காலில் கொட்டியது. சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. முதல் படகில் வந்த தாயம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "கங்கா உங்ககூடத்தான வந்தா?"

"இல்லியே. போட்டுல கூட்டமா இருக்கு, செத்த நேரம் கீழ படுத்துட்டு அடுத்ததுல வரேன்னா. ஏன், வரலியா? நீதான பேரு சொன்ன?"

ஐந்தாக இருபது நிமிஷம் இருந்தது. நல்லம்மாள் ஐயாவுவிடம் ஓடினாள். "மண்டோரே, கங்கா கப்பல்ல இருக்கா. நாந்தான் அவளுக்குப் பேர் சொன்னேன். பொய்யி. நிறுத்தச் சொல்லுங்க."

ஐயாவுவின் முகம் முதலில் கறுத்தது, அப்புறம் இறுகியது. "நல்லா பாரு. இங்கதான் எங்கயாச்சும் கிடப்பா."

"அவ செருப்பு கெடந்துச்சய்யா!" என்று நீல வார்ச் செருப்பை நீட்டினாள்.

"சத்தம் போடாத. வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டுட்டான். என் பெரட்டு தப்புன்னு நீ சொல்லப் போறியா?" தப்பு என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால் இருபத்திரண்டு வருஷமும் தப்பு. அந்த மனுஷன் அதைத்தான் கண் முன்னால் பார்த்தார் என்பது நல்லம்மாளுக்குப் புரிந்தது. புரிந்ததால் அவள் அவரை விட்டுவிட்டு உமாபதியிடம் ஓடினாள்.

உமாபதி சொன்னதும் வெடிக்காரன் கப்பலைப் பார்த்தான். அங்கே ஏகப்பட்ட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "பொம்மை, பொம்மை" என்று பக்கத்திலிருந்தவன் கையை ஆட்டினான். வெடிக்காரன் அவனை முறைத்துவிட்டுப் பேர் வேண்டாம், தலையை எண்ணு என்றான். அவனே நடந்து, ஒவ்வொரு தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினான். நாற்பத்தைந்து.

தொப்பித் துரை சொல்லிக் கொடுத்த மாதிரி எல்லாரும் வாயைத் திறக்காமல் பயந்தார்கள்.

"கங்கா ஒண்ணு. மத்த ரெண்டு பேரு யாரு?" என்று உமாபதி கத்தினான். "இப்பவாச்சும் சொல்லுங்க!"

சேது தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். "எங்க மச்சானும் ரெங்கசாமியும்ங்க. கள்ளுக்கடைக்குப் போயிட்டாங்க. கடைசி நாளில்ல."

"போனதப் பாத்தியா?"

"பாக்கணுமா? கடை தொறந்தா அவரு வேற எங்க இருப்பாரு?"

சினிமாக்காரர்களின் வேன் டிரைவரும் சாட்சி சொன்னான். டவுனிலிருந்து வரும்போது கள்ளுக்கடை வாசலில் சினிமாச் சட்டையோடு ஒரு ஆள் நின்றதைப் பார்த்தானாம். அது ரெங்கசாமி. "அப்ப எங்க மச்சான் உள்ள இருப்பாரு" என்றான் சேது. நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். குடிகாரனைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவனுக்கே தெரியாது அல்லவா? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கங்கா எங்கே படுத்திருப்பாள் என்று நல்லம்மாளுக்கு மட்டுமே தெரியும். ஒரு சீனக் கிழவர் படகைக் கிளப்பினார். அவள் ஏறினாள். வெடிக்காரனும் கூடவே குதித்து ஏறினான்.

"சப்பாட், சப்பாட்" என்று மலாயில் அவசரப்படுத்தியபடி கிழவர் தன் மோட்டாரையே விரட்டினார். சேற்றில் நிற்கும் பாக்காவ் மரங்களின் வேர்களையெல்லாம் கடல் விழுங்கிவிட்டிருந்தது. கிட்டே போகப் போக, தன் பச்சைச் சேலைப் பொம்மை தன்னையே பார்ப்பதை நல்லம்மாள் கண்டாள். கப்பல் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தது. வெடிக்காரன் ஏணியடியில் நின்று, கையை விரித்து ஐந்து விரலைக் காட்டினான். ஐந்து நிமிஷம்.

அவள் ஏறி ஓடினாள். தளம் சாய்ந்திருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. கேப்டன் அறைக் கதவு சாத்தியிருந்தது; அதன் பிடியைப் பிடித்துத்தான் வழுக்காமல் திரும்பினாள். கீழே படியிறங்கினாள். இருட்டு. முழங்காலளவு தண்ணீர், எண்ணெய் மிதக்கிற தண்ணீர், எங்கேயோ கடகடவென்று வந்துகொண்டே இருந்தது. "கங்கா! அடி பாவி, கங்கா!"

சாமான் அறையின் மூலையில், சாக்கு மூட்டைகளின் மேல், கையை மடக்கித் தலைக்கு வைத்து, வாயைப் பிளந்துகொண்டு அவள் தூங்கினாள். மூட்டையின் பாதிவரை தண்ணீர் வந்திருந்தது. மஞ்சள் முந்தானை அதில் மிதந்தது. நல்லம்மாள் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொன்று அறைந்தாள். கங்கா கண்ணைத் திறந்து, "அக்கா, பேர் கூப்புட்டாச்சா?" என்றாள்.

நல்லம்மாள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, படியில் இழுத்து, மறுபடி அந்தச் சாத்திய கதவைத் தாண்டி, ஏணிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். வெடிக்காரன் கங்காவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். படகு திரும்பியதும் நல்லம்மாள் கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டிய ஆள் அவள் மடியில் கிடந்தது. உலகத்தில் வேறு யாரும் இருப்பதாகவே அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கரையில் ஒரே ஆரவாரம். கங்காவுக்குச் சுடுதண்ணீர், துண்டு, ஆளுக்கொரு திட்டு. வெடிக்காரன் உமாபதி மூலமாகக் கேட்டான்: இப்போது எல்லாரும் வந்தாயிற்றா?

"இங்க நாப்பத்தாறு. கள்ளுக்கடையில ரெண்டு" என்றார் ஐயாவு. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "கணக்கு சரி."

உமாபதிக்கு ஏனோ திருப்தியில்லை. நல்லம்மாளிடம் வந்தான். "சரிதானேக்கா?"

அவள் கங்காவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே தலையை ஆட்டினாள்.

ஐந்தரை மணி. தொப்பித் துரை மூன்று கேமராக்களுக்கும் நடுவே நின்று கையைத் தூக்கினார். எல்லாரும் கடலைப் பார்த்து நின்றார்கள். அப்போதுதான் கப்பலின் நடுத்தளத்தில் ஒரு சிவப்புத் தலைப்பா தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அது இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு கையைத் தூக்கியது மாதிரிகூட இருந்தது.

"அந்தா பாரு, மச்சான் பொம்மை" என்று சேது கத்தினான். "அதுவும் போட்டுட்டு ஆடுது!"

வரிசையே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் தொப்பித் துரையின் கை இறங்கியது. கப்பலின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம், அப்புறம் சத்தம், அப்புறம் பாக்காவ் காட்டிலிருந்து கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. கப்பல் மெதுவாக, அழகாக, சொன்னபடியே சாய்ந்தது. பொம்மைகள் கயிறு கட்டிய இடத்திலேயே தண்ணீருக்குள் போயின. தொப்பித் துரை தொப்பியைக் கழற்றி ஆகாசத்தில் எறிந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நல்லம்மாளும் கைதட்டினாள்.

லோரி தோட்டத்துக்குத் திரும்பியபோது சேது உட்பட யாரும் செல்லனைத் தேடவில்லை. குடித்துவிட்டு ரெங்கசாமியோடு எங்காவது புரண்டு கிடந்து, காலையில் வந்து சேருவார். வந்து சேராத நாளே கிடையாது.

மறுநாள் ஐந்தரை மணி. லயத்துக்கு எதிரே களம். இருட்டு. இலையில்லாத மரங்களுக்கு மேலே நிலா இன்னும் இறங்கவில்லை. ஐயாவு டார்ச் லைட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செக்ரோலைப் பிரித்தார். 

"கங்கா."

"இருக்கேன்" என்றாள் கங்கா. அவளே சொன்னாள். நல்லம்மாள் அவள் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"ரெங்கசாமி."

"இருக்கேன்."

"செல்லன்."

"இருக்கேன்" என்றான் சேது, கொட்டாவியோடு.

ரெங்கசாமி திரும்பி அவனைப் பார்த்தார். "என்ன சேது, உங்க மச்சானுக்கு நேத்து என்ன ஆச்சு? கடையில ரொம்ப நேரம் பாத்தேன், ஆளையே காணோம்."

நல்லம்மாளுக்குப் புளியமரத்தடி கண்ணில் வந்தது. மூன்று ஜோடிகள். ஒன்றை மாட்டிக்கொண்டாள், ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்துவிட்டாள். பொம்மைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கட்டிப்போட்ட பொம்மை எழுந்து நிற்குமா? செல்லன் பொம்மை இருந்தது பின் தளத்தில். தலைப்பா ஆடியது பிராந்திப் போத்தல் இருந்த கேப்டன் அறை வாசலில். அந்தக் கதவின் பிடியை இதே கையால்தான் அவள் பிடித்தாள். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும்.

"சேது" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "உங்க மச்சான் டயர் செருப்பு எங்க?"

"ஏன், அவரு காலுல..." என்று தொடங்கிய சேது நிறுத்தினான்.

"தொறையில கெடக்குது. புளியமரத்தடியில. நான் பாத்தேன்."

கங்கா அவள் கையிலிருந்து தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"மண்டோரே" என்றாள் நல்லம்மாள். "இன்னொரு தடவை கூப்புடுங்க. யாரும் வாயத் தொறக்காதீங்க. மண்டோரே, கூப்புடுங்க."

ஐயாவு டார்ச் லைட்டைக் கக்கத்திலிருந்து எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வரிசையின் மேல் அடித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி முகம் வரை போய்த் திரும்பி வந்தார்.

"செல்லன்" என்று கூப்பிட்டார்.

பதில் வரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். சேது தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஐயாவு குனிந்து வெளிச்சத்தைச் செக்ரோலின் மேல் பிடித்தார். செல்லன் பேருக்கு நேரே அன்றைய கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது.